ஐயா சொல்லிட்டாரு

பெரியவர் கட்சியிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. அவருடைய டிரைவருக்குத்தான் ஓய்வு வரவில்லை. தினமும் காரைத் துடைப்பார், இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார். போக ஓர் இடம் இருந்தால்தானே!

அதே கட்சியில், அதே வருடம் வீட்டுக்குப் போனவர் செயலாளர். அவருடைய டிரைவரை எல்லோரும் குண்டண்ணன் என்பார்கள். டிரைவர்கள் இருவரும் டீக்கடையில் சேர்ந்துவிட்டால் கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிடுவார்.

"எங்க ஐயா பேசினா கூட்டமே எழுந்து நிக்கும்" என்பார் பெரியவரின் டிரைவர்.

"நின்னுச்சு, கை தட்டுச்சு, வீட்டுக்குப் போயிடுச்சு. எங்க ஆளு வேலை போட்டுக் கொடுத்தவனெல்லாம் இன்னும் நாற்காலியில உக்காந்திருக்கான்யா!"

"கைசுத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கட்டும். கையைக் கழுவிட்டு உக்காந்தா தட்டுல ஏதாவது விழணுமே!"

இந்தக் கதையை வீட்டில் வந்து சொல்லிப் பொருமினால், "பேசாம உங்க ஐயாவையே கட்டியிருக்கலாம் நீங்க" என்று சிரிப்பாள் மனைவி.

அவளுக்குத்தான் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி நடையில் ஸ்ட்ரெச்சரோடு கிடத்தியிருந்தார்கள். உடனே இதய வார்டுக்குக் கொண்டுபோக வேண்டும், கட்டில் காலியில்லை என்றார் டாக்டர்.

டிரைவர் பெரியவரிடம் ஓடினார். இத்தனை வருடத்தில் வாய் திறந்து எதுவும் கேட்டவரில்லை. பெரியவர் உடனே போனை எடுத்தார். தன் பெயரை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. டிரைவர் அதைக் கேட்டார், கேட்காத மாதிரி நின்றார்.

"சொல்லிட்டேன். நீ தைரியமாப் போ."

ஆஸ்பத்திரி நடையில் குண்டண்ணன் வந்து நின்றிருந்தார். "என்னய்யா இது, இன்னும் இங்கயே கிடக்குறாங்க! எங்க ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"வேணாம். எங்க ஐயா சொல்லிட்டாரு."

"அடப்பாவி, வீம்புக்கு இதுவா நேரம்?"

"அண்ணன் சொல்றதைக் கேளுங்களேன்" என்றாள் அவள், மெல்ல.

"கொஞ்சம் பொறும்மா. ஐயா சொன்னா நடக்கும்."

அவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பொறுத்தாள். அன்று முழுக்கப் பொறுத்தாள்.

பொழுது சாயும்போது அவள் மூச்சு இழுப்பதைப் பார்த்ததும் வீம்பெல்லாம் தவிடுபொடியானது. வாசலுக்கு ஓடிக் குண்டண்ணன் கையைப் பிடித்து அழுதார். ஒரே ஒரு போன்தான். டீ ஆறும் நேரத்துக்குள் மேலேயிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள், கட்டில் தயார் என்று. கட்டில் இருந்தது, அவள் இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத்தான் வேலைக்குப் போனார். பெரியவர் வீட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது.

"என்னப்பா, கட்டில் கிடைச்சுதா?"

டிரைவர் அந்த முகத்தைப் பார்த்தார். பதிலுக்காக அது பயந்து காத்திருந்தது.

"கிடைச்சுதுங்க ஐயா."

"பாத்தியா! போனை எடுத்தவனுக்கு முதல்ல நான் யாருன்னே தெரியலை. மனசே விட்டுப்போச்சு. இன்னும் நம்ம பேச்சுக்கு மதிப்பிருக்குப்பா!" பெரியவருக்குக் குரலே மாறிவிட்டது. "வீட்டம்மா எழுந்து நடமாடினதும் ஒரு நாள் கூட்டிட்டு வா."

"சரிங்க ஐயா."

டிரைவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டுக்குள் கேட்டுவிடக் கூடாதே என்று இஞ்சினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதார்.