மருதைக்குக் கொடுத்த ரம்பம்

திருச்சிப் பாலக்கரை அமிர்தசாமி தன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து செய்யும் கைரம்பங்களுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு வாக்கில், ஸ்ரீரங்கத்துத் தச்சர்களிடம் தனி மதிப்பு. தகடு தாள்போல் மெலிந்திருக்கும். ஒவ்வொரு பல்லும் அரிசிக் குருணையைவிடச் சிறியது.

பல் அராவி முடித்ததும் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவார். அப்போது அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் வளைத்தாலும் சிதறும். அந்த விறைப்பை எடுக்கத்தான் மறுபடி சுடுமணலில் புதைப்பது. எவ்வளவு நேரம் என்பதற்கு அவரிடம் கடிகாரம் கிடையாது. ஜெபமாலையில் பத்து மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம். இருபது வருஷமாக அந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

தப்பியது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

மகள் ரோசரிக்கு அன்று ஒன்பதாவது நாள் காய்ச்சல். உள்ளே அவள் பிதற்றப் பிதற்ற, மணல் சட்டியருகே தகப்பனின் உதடுகள் பதறின. மாதாவே, என் பிள்ளையை எடுத்துக்கொள்ளாதே என்று மந்திரங்களை விழுந்தடித்துச் சொல்லி முடித்தார். தகட்டை எடுத்துக் கைப்பிடி போட்டு, சாயங்காலம் வந்த ஸ்ரீரங்கத்துத் தச்சன் மருதையிடம் கொடுத்தும்விட்டார். ரம்பத்தோடு சேர்த்து மணலில் வைத்த துண்டுத் தகட்டை வளைத்துப் பதம் பார்க்கும் வழக்கம் நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் காலையில்தான் அந்த நினைவு வந்தது. வளைத்தார். அப்பளமாக நொறுங்கி, ஒரு சில்லு கன்னத்தைக் கீறிக்கொண்டு பறந்தது.

மருதைக்கு ஒரு கண்தான். மற்றதை முன்பே ஓர் உளியின் சில்லு கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்த அந்தக் கண்ணை ரம்பத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டுதான் அவன் அறுப்பான்.

மனைவி அற்புதம்மாள் சைக்கிளை மறித்தாள். “ஏங்க, பிள்ளையை இப்படிப் போட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்க?”

“ஒருத்தன் குருடாகப் போறான், விடு.”

காவிரிப் பாலம் அன்று முடியவே இல்லை. கீழே ஓடும் தண்ணீரெல்லாம் அவருக்குச் சிவப்பாகத் தெரிந்தது. சித்திரை வீதியில் மருதையின் பட்டறைக்கு ஓடியவர் வாசற்படியிலேயே உறைந்து நின்றார்.

பூஜை மண்டபத்துக்கான தேக்குச் சட்டத்தில் புது ரம்பம் பாதி இறங்கியிருந்தது. மருதையின் கண் அதன்மேல் கவிந்திருந்தது. கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் தகடு முறுக்கிக்கொண்டு சிதறும்.

அமிர்தசாமி வாயைப் பொத்திக்கொண்டார். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு மந்திரம், வாழ்நாளில் சொல்லாத நிதானத்தோடு, மனசுக்குள் ஓடியது. பதினேழாவது இழுப்பில் துண்டு கீழே விழுந்தது.

பாய்ந்து ரம்பத்தைப் பிடுங்கினார்.

“என்னண்ணே, கொடுத்ததை வாங்கிட்டுப் போக வந்தீங்களா? நல்லாத்தானே அறுக்குது,” என்று மருதை சிரித்தான்.

அமிர்தசாமி அதைச் சாக்கில் சுற்றி முழங்காலில் வைத்து அழுத்தினார். உள்ளே படீரென்றது. சாக்கைப் பொத்துக்கொண்டு வந்த சில்லு உள்ளங்கையைக் கிழித்தது. மருதையின் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் விரல்கள் தாமாக எழுந்து மிச்சமிருந்த கண்ணைத் தொட்டுப் பார்த்தன.

அடுத்த ரம்பம் எப்போது கிடைக்கும் என்று மெல்லக் கேட்டான்.

“ரோசரிக்குக் காய்ச்சல் விடட்டும், மருதை. அதுவரைக்கும் என்னால நிதானமா ஜெபம் சொல்ல முடியாது.”

ரத்தம் வழிந்த கையைத் துண்டால் இறுக்கிக்கொண்டு, அதே பாலத்தில், வந்ததைவிட அதிகப் பயத்தோடு வீட்டுக்கு, மகளிடம் திரும்பினார்.