பூட்டுப் போட்ட பாட்டு

ஒரகடம் கூட்டு ரோட்டில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்காரர் அவர். ஒல்லியான உடம்பு, ஒரு காதில் மட்டும் எப்போதும் இயர்போன். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். எங்களைப் போன்ற தொழிற்சாலை ஆட்களின் சேஃப்டி ஷூ என்றால் சிரிப்பார். பிரவுன் ஷூ என்றால் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார். மஃப்டியில் வந்தாலும் போலீஸ் ஷூவை மாற்றாது என்பது அவர் கணக்கு. திருட்டுப் பாட்டுக்காகப் பக்கத்துக் கடைக்காரரை அப்படித்தான் அள்ளிப் போயிருந்தார்கள்.

ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து போனேன். என் பழைய போன் உடைந்திருந்தது. அதில் வாங்கிய ஒரு பாட்டுக்கு, அந்த போனில் மட்டும் பாடும்படி விற்றவர்கள் பூட்டுப் போட்டிருந்தார்கள்; கார்டைப் புது போனில் போட்டால் பாடவில்லை.

"இத மட்டும் எப்படியாவது பாட வச்சுக் குடுங்கண்ணே."

கார்டைச் செருகினார். 'அனுமதி இல்லை' என்று திரையில் ஒரு பெட்டி எழுந்தது. அவர் முகம் வெளுத்தது.

"இன்னாப்பா இது? எங்க புடிச்ச?"

"காசு குடுத்து வாங்குனதுண்ணே. போன் பேலன்ஸ்ல எடுத்துக்கிட்டாங்க."

"காசு குடுத்தியா? அப்போ உன் பேரு, நம்பரு எல்லாம் அதுல கீது. இப்போ என் கடையும் அவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

வயரைப் பிடுங்கினார். ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"ஆயிரம் பாட்டு சும்மா ஏத்தித் தரேன். இது வேணாம்ப்பா, நான் புள்ளகுட்டிக்காரன்."

கார்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். அவர் பயம் எனக்கும் தொற்றியது. அந்தக் கடைக்குள் வந்ததிலேயே காசு கொடுத்து வாங்கிய பாட்டு அது ஒன்றுதான். அதைத்தான் திருட்டு நகைபோல் பொத்திக்கொண்டு, எதிரே வருகிறவர்களின் கால்களைப் பார்த்தபடி நடந்தேன்.