பதினோரு முறை அழுத்திய பொத்தான்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தாறு வயது. எதையும் பட்டியல் போட்டுச் செய்கிற பழக்கம். பட்டியலில் இல்லாத வேலையில் யாராவது கை வைத்தால் அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். பெயரை வைத்தது பக்கத்து மேசைக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒல்லி. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னான், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னான். அவள் அதையும் பொருட்படுத்தவில்லை.

தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு உதவிப் பொத்தான் கொடுக்கும் நிறுவனம் அது. கழுத்தில் கயிற்றில் தொங்கும் சின்னப் பொத்தான். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அழுத்தினால் பச்சை விளக்கு எரியும், கீழ்த்தளத்து அழைப்பு மையத்தில் மணி அடிக்கும், யாராவது உடனே கூப்பிட்டு விசாரிப்பார்கள். மேஸ்திரி அந்தக் கீழ்த்தளத்தில்தான் வேலையை ஆரம்பித்தாள். ஆறு வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பயந்துபோன குரல்களைப் பேசியே சாந்தப்படுத்தினாள். மாலை வகுப்புக்குப் போய் கம்ப்யூட்டர் படித்து நாலாம் மாடிக்கு ஏறியது பிற்பாடு. பொத்தானை அழுத்துவதற்கும் மணி அடிப்பதற்கும் நடுவில் இருக்கிற அத்தனையும் இப்போது அவள் பொறுப்பு.

நடுவில் இருப்பது கொஞ்சநஞ்சமல்ல. முப்பத்தொரு சின்ன சின்ன புரோகிராம்கள். ஒன்று பொத்தானின் குரலை வாங்கும், ஒன்று வீட்டு முகவரியைத் தேடும், ஒன்று மணியை அடிக்கும். ஒவ்வொன்றும் கன்டெய்னர் என்கிற தனித்தனிக் கூட்டில் உட்கார்ந்திருக்க, அவற்றையெல்லாம் பன்னிரண்டு சர்வர்கள் சேர்ந்த ஒரு கிளஸ்டர் தாங்கிக்கொண்டிருந்தது. எது எதோடு பேசுகிறது என்று முழுசாகச் சொல்ல ஒருத்தராலும் முடியாது. வெளியாள் ஒட்டுக்கேட்காமல் இருக்க அந்தப் பேச்சுக்குப் பூட்டும் கிடையாது. அதற்காகத்தான் இந்த வருடம் சர்வீஸ் மெஷ் போடுவதென்று முடிவானது. ஒவ்வொரு புரோகிராமுக்குப் பக்கத்திலும் ஒரு காவலாளி புரோகிராம் வந்து உட்காரும். உள்ளே வருவது, வெளியே போவது எல்லாம் அதன் வழியாகத்தான். யார் யாரிடம் பேசினார்கள் என்று குறித்து வைக்கும், பேச்சையும் பூட்டிக் கொடுக்கும்.

இரண்டு வாரம் வெள்ளோட்டம் பார்த்துவிட்டு, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு நிஜமான கிளஸ்டரில் வேலையைத் தொடங்கினாள். முதலில் மெஷ்ஷின் தலைமைப் பகுதியை நிறுவினாள். பூட்டியும் பேசலாம், பூட்டாமலும் பேசலாம் என்ற தளர்ந்த நிலையில் அதை வைத்தாள். எடுத்த எடுப்பிலேயே பூட்டைக் கட்டாயமாக்கினால் பாதி புரோகிராம்கள் ஊமையாகிவிடும். பிறகு ஒவ்வொரு புரோகிராமாக நிறுத்தி எழுப்பினாள். எழுந்திருக்கும்போதே அதற்கு ஒரு காவலாளி சேர்ந்துகொள்ளும். ஒன்று எழுந்ததும் தாளில் ஒரு டிக்.

மதியம் பன்னிரண்டரைக்குத் தாளில் முப்பத்தொரு டிக் இருந்தது. திரையில் காவலாளிகள் முப்பத்திரண்டு.

எண்ணிக்கையில் தப்பு விட்டிருப்பாய் என்றான் ஒல்லி. மேஸ்திரி இரண்டாம் தடவை எண்ணினாள், பிறகு மெஷ்ஷின் வரைபடத்தைத் திறந்தாள். பெட்டிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாகத் தங்கள் கிளஸ்டரின் பேச்சு முழுவதையும் அவர்கள் இருவரும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள். பொத்தானின் குரலை வாங்கும் பெட்டியிலிருந்து மணி அடிக்கும் பெட்டிக்கு ஒரு தடித்த கோடு போயிருக்க வேண்டும். அது பாதி வழியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. பெரிய கிளை மணி அடிக்கும் புரோகிராமின் புது வெர்ஷனுக்குப் போய், அங்கிருந்து அழைப்பு மையத்துக்கு. சின்னக் கிளை, நாலில் ஒரு பங்கு, அதே புரோகிராமின் ஒரு பழைய பிரதிக்குப் போய், அங்கிருந்து சோதனைக்காக வைத்திருந்த டேட்டாபேஸுக்கு. அதோடு முடிந்தது. அங்கிருந்து எந்த மணிக்கும் கோடு இல்லை.

பழைய பிரதிக்கு ஒரு குறையும் கிடையாது. வருகிற குரலை வாங்கிக்கொண்டது, "வந்து சேர்ந்தது" என்று பதில் சொல்லிப் பச்சை விளக்கை எரிய வைத்தது, சோதனைப் பதிவில் ஒரு வரி எழுதியது. அதனால்தான் எந்த எச்சரிக்கையும் எழவில்லை. மாதாமாதம் முதியவர்களைக் கூப்பிட்டுப் பொத்தானைச் சரிபார்க்கும்போதும் பச்சை விளக்கு எரிகிறதா என்று மட்டும்தான் கேட்பார்கள். எரியத்தான் செய்தது.

இது எப்போதிலிருந்து நடக்கிறது என்று பார்த்தாள். பதினாலு மாதம். உருவாக்கியவர் என்ற இடத்தில் இருந்தது அவளுடைய பெயர்.

பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் எதையோ பரிசோதிக்க அந்தப் பிரதியை ஏற்றியிருந்தாள். அதே நேரத்தில் தீயணைப்பு ஒத்திகை என்று கட்டிடத்தையே காலி செய்யச் சொன்னார்கள். திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினாள். அந்த வேலை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

முதல் வேலையாக, குரல்களை அந்தப் பிரதிக்கு இழுத்துவந்த அடையாளச் சீட்டை மாற்றினாள். சின்னக் கிளை வரைபடத்திலிருந்து மெல்ல மறைந்தது. இனிமேல் ஒரு குரலும் அங்கே போகாது. ஒல்லி எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"டெலீட் பண்ணிடலாமா, மேஸ்திரி?" என்றான் மெதுவாக. அவன் குரலில் கள்ளம் இல்லை, பயம்தான் இருந்தது.

ஒரே ஒரு கட்டளை போதும். அவளும் அதை நினைக்காமல் இல்லை. விரல் கீபோர்டின் மேல் நின்றது.

"வேணாம். இதுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு பாக்கணும்."

சோதனைப் பதிவைத் திறந்தாள். மாதச் சோதனைக்காக அழுத்தியவற்றைக் கழித்தால் நாற்பத்து மூன்று வீடுகள். வீட்டு எண், தேதி, நேரம், எத்தனை தடவை. பாதிக்கு மேல் கை தவறி அழுத்தியவையாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு வரிசையாகக் கீழே போனாள். பதினேழாவது வரியில் கண் நின்றது. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அவள் அம்மாவின் வீடு.

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். காலை ஆறு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரைக்கும் ஈரத் தரையில் கிடந்தாள். எதிர் வீட்டுக்காரி கதவைத் தட்டியிராவிட்டால் இன்னும் எத்தனை நேரமோ. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன் என்பதுதான். மேஸ்திரி அலுவலகத்துக்கு வந்து பதிவுகளைப் புரட்டினாள். அம்மாவின் வீட்டிலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. அதைக் காகிதத்தில் அச்செடுத்துக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தாள். நடக்காததை நடந்ததாக நினைக்கிறார்கள், ஞாபக மறதியின் தொடக்கமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அம்மா தன் வீட்டை விட்டு மகள் வீட்டு ஓரத்து அறைக்கு வந்து சேர்ந்தாள். "அழுத்தினேன்டி" என்று அம்மா எப்போதாவது ஆரம்பித்தால், மேஸ்திரி அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டுவாள். நாலைந்து தடவைக்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

பதிவில் இருந்தது: அதே நாள், காலை ஆறு பத்திலிருந்து ஒன்பது நாற்பது வரை. பதினோரு முறை.

பதினோரு தடவையும் ஒரே இடத்துக்கா என்று ஒல்லி கேட்டான். அவளுக்குக் காரணம் தெரியும். ஒரு வீட்டின் கருவி ஒரு பிரதியோடு இணைந்துவிட்டால், இணைப்பு அறும் வரைக்கும் அதே பிரதியோடுதான் பேசும். எத்தனை தடவை அழுத்தினாலும் பேச்சு அதே சுவரில்தான் போய் முட்டும். இதை அவனுக்குச் சொல்லிவிட்டு, பதிவு அழியாமல் ஒரு நகல் எடுத்து வைத்தாள்.

மேலாளர் சாப்பிட்டுவிட்டு வந்ததும் அவர் அறைக்குள் போய் லேப்டாப்பை மேசையில் வைத்தாள். முதலில் வரைபடம், பிறகு பதிவு, கடைசியில் உருவாக்கியவர் பெயர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். இது உங்க பேரா என்று கேட்டார். ஆமாம் என்றாள். "நாப்பத்து மூணு வீட்டுக்கும் இன்னைக்கே பேசணும்" என்றார். மேலிடத்துக்குச் சொல்வதற்கு முன்னால் பேசலாமா கூடாதா என்ற கேள்வியை அவர் கேட்கவே இல்லை. அதற்காக மேஸ்திரி பின்னாளில் அவரைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் சேர்ந்துகொள்ளாமல் இருந்தாள்.

அவரும் மேஸ்திரியும் ஒல்லியுமாக மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். பலர் சிரித்தார்கள், கை பட்டு அழுத்தியிருப்பேன் என்றார்கள். சிலர் கத்தினார்கள். மேஸ்திரியின் பங்கில் ஒரு தையல்காரரின் வீடு இருந்தது. தனியாக இருந்தவர். அவசரத்துக்கென்று அவர் கொடுத்திருந்த எண்ணில் போனை எடுத்தது மகள். அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது என்றாள். தேதியைச் சொன்னாள். பதிவில் இருந்த தேதியேதான்.

"அவர் பொத்தான அழுத்தவே இல்லன்னு அப்ப நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாங்க. நாங்க சொன்னது தப்பு. அவர் அழுத்தியிருக்கார்."

"எத்தன தடவ?"

"நாலு."

"பச்ச லைட்டு எரிஞ்சிருக்குமா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "எரிஞ்சிருக்கும்" என்றாள் மேஸ்திரி.

அந்த மகள் அழவில்லை, திட்டவுமில்லை. அப்போ யாரோ வர்றாங்கன்னு நினைச்சுட்டே இருந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டு போனை வைத்தாள். மேஸ்திரி ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. அடுத்த எண்ணை ஒல்லிதான் போட்டுக் கொடுத்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். கணவர் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, சலவைக்குப் போய் வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் மேஸ்திரி தரையில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தன் கையால் ஏற்றிய பிரதி என்பதையும் சொன்னாள்.

அம்மா மடித்த துண்டை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"பதினொண்ணா? நான் எட்டுன்னுல்ல நெனச்சேன்."

"பதினொண்ணும்மா."

"அப்ப எனக்கு மறதி இல்ல."

"இல்லம்மா."

"ராத்திரி எல்லாம் யோசிப்பேன். அழுத்தினேனா, அழுத்தலியா. கடைசில நானே நம்பிட்டேன், அழுத்தலன்னு." அம்மா மடியிலிருந்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். "உன்னத் திட்டணும்போல இருக்கு. எப்படித் திட்டறதுன்னுதான் தெரியல." பிறகு கேட்டாள்: "மத்தவங்கள்ல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா?"

தையல்காரரைப் பற்றிச் சொன்னாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி அவள் மகளோடு பேசவில்லை. மறுநாள் காலையில், மறதிக்கென்று டாக்டர் கொடுத்திருந்த மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இதை அந்த டாக்டரிடமே கொடுத்துவிட்டு வா, என் வீட்டுச் சாவியையும் எடுத்து வை என்றாள். அடுத்த மாதம் தன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். மகளை மன்னித்தாளா இல்லையா என்று அவள் சொல்லவில்லை, மேஸ்திரியும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகாவிட்டால் போன் வரும்.

விசாரணை ஆறு மாதம் நடந்தது. நிறுவனம் எல்லா வீடுகளுக்கும் எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. மேஸ்திரியை நாலு மாதம் நிஜமான கிளஸ்டரைத் தொடவிடாமல் ஒதுக்கி வைத்தார்கள். மெஷ்ஷில் பூட்டைக் கட்டாயமாக்கியது ஒல்லிதான். இப்போது மாதச் சோதனையில் பச்சை விளக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கீழ்த்தளத்தில் மணி அடித்ததா என்றுதான் பார்க்கிறார்கள்.

விசாரணையின் கடைசி நாளில் தாழ்வாரத்து பெஞ்சில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தபோது, தையல்காரரின் மகள் வந்து, தான் யாரென்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளை அதற்கு முன்னால் நேரில் பார்த்ததில்லை. உள்ளே ஏதேதோ பேசுகிறார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றாள். மேஸ்திரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பெட்டிகளையும் கோடுகளையும் வரைந்து, பொத்தானிலிருந்து மணி வரைக்கும் நிதானமாக விளக்கினாள். அந்தப் பெண் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்த பிறகு, எங்கப்பா போனது எந்தக் கோடு என்று மட்டும் கேட்டாள்.

மேஸ்திரி விரலை வைத்துக் காட்டினாள். அந்தப் பெண் தாளை வாங்கி நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து போனார்கள்.