மண்ணுளியும் நான்காம் எண் தோலும்

எண்பதுகளின் நடுவில், பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் தற்காலிக ஆய்வக உதவியாளராக இருந்தேன். டிப்ளமா முடித்துக் கிடைத்த முதல் வேலை. ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள், மூன்றாம் ஆண்டுக்கும் புதுப்பித்துவிட்டால் நிரந்தரம். என் பொறுப்பில் இருந்தவை: நுண்ணோக்கிகள் பதினான்கு, ஃபார்மலின் ஜாடிகள் அறுபத்திரண்டு, வெள்ளெலிக் கூண்டுகள் ஆறு, மண்ணுளிப் பாம்பு ஒன்று.

துறைத் தலைவி மேடம் மாணவர்களோடு புனே பக்கம் போனபோது கொண்டுவந்த குட்டி அது. ஒரு சாண் நீளம், பென்சில் தடிமன். ஆரஞ்சுச் சுளையின் நிறத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். விஷமில்லாதது, சோம்பேறி. மணலுக்குள் புதைந்து கிடக்கும். கையில் எடுத்தால் விரல்களுக்கு நடுவே மெதுவாக வழியும். மாணவிகள் அதைச் செல்லப்பிராணியாகவே ஆக்கிவிட்டார்கள்.

"வளர வளர இதன் நிறம் மாறும் என்று படித்திருக்கிறேன். எப்படி மாறுகிறது என்று யாராவது குறித்து வைத்தால் நன்றாக இருக்கும்" என்று மேடம் பொதுவாகச் சொன்னார். யாராவது என்றால் நான்தான்.

வெறுமனே ஆரஞ்சு, பழுப்பு என்று எழுதிப் பயனில்லை. ஆளுக்கு ஆள் ஆரஞ்சு வேறு. ஒரு அளவுகோல் வேண்டும், அது எங்கள் வீட்டில் இருந்தது. வாப்பா தாராவியில் ஒரு தோல் பட்டறையில் சாயம் ஏற்றுகிறவர். எந்த நிறம் வேண்டுமென்று வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்க, தோல் துண்டுகளை வெளிறியதிலிருந்து கறுத்ததுவரை வரிசையாக ஒட்டி எண் போட்ட அட்டை அவர்களிடம் இருக்கும். அப்படி ஒன்று எனக்கும் வேண்டும் என்றேன்.

"பாம்புக்குச் செருப்பு தைக்கப் போறியா மவளே? கால எங்கன்னு தேடுவ?" என்று சிரித்தார். ஆனால் மறுநாளே பன்னிரண்டு துண்டுகள் ஒட்டிய அட்டை வந்தது.

அதைப் பாம்புத் தொட்டியின் பக்கத்தில், சன்னலோர ஆணியில் மாட்டினேன். வெளிச்சம் நன்றாக இருக்கும், தேட வேண்டியதில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை பாம்பின் நடுமுதுகை அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுவேன். கட்டங்கள் ஐந்து: எடை, நீளம், தின்ற எலிக்குஞ்சுகள், சட்டை உரித்த நாள், நிற எண். முதல் மாதம் நிற எண் நான்கு. அடுத்த மாதமும் நான்கு. அதன் பிறகும் நான்குதான். உரித்த சட்டைகளைக் காக்கி உறைகளில் தேதியிட்டு வைத்தேன். பட்டைகளை முதல் நாள் பென்சிலால் வரைந்ததோடு சரி; அவை மாறும் என்று தோன்றாததால் அவற்றுக்குக் கட்டம் போடவில்லை. கட்டம் போடாததை நான் பார்க்கவும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. மேடம் நீண்ட விடுப்பில் வெளியூர் போயிருந்தார். ஏப்ரலில் ஸ்டாக் சரிபார்க்க ஆபீஸ் கிளார்க் வந்தார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுத் தமிழர். நுண்ணோக்கிகளை எண்ணினார், ஜாடிகளை எண்ணினார், பிறகு ரிஜிஸ்டரில் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் உரக்கப் படித்தார்.

"மண்ணுளிப் பாம்பு ஒண்ணு, உயிரோட. ஆரஞ்சு நெறம், கறுப்புப் பட்டை." தொட்டியைப் பார்த்தார். "எங்கேம்மா அது?"

"இதுதான் சார்."

"இதுவா? இது செருப்புக் கலர்னா இருக்கு! பட்டை எங்கே?"

அப்போதுதான் நானும் அதைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். முழங்கை நீளத்துக்கு மேல் வளர்ந்த பழுப்புப் பாம்பு. நாள்தோறும் பார்த்த கண்ணுக்கு அது தெரியவேயில்லை.

"வளர்ந்தா நிறம் மாறும் சார்."

"மாறுமா? உன் நோட்டைக் காட்டு. நீதான் எல்லாத்துக்கும் லிஸ்ட் போடறவளாச்சே."

கொடுத்தேன். அவர் விரல் கடைசிக் கட்டத்தில் இறங்கியது.

"நாலு, நாலு, நாலு... போன வாரமும் நாலு. உன் கையெழுத்துதானே? மாறலேன்னு நீயே எழுதியிருக்கே. அப்போ போன வாரம் வரைக்கும் பழைய பாம்பு, இந்த வாரம் வேற பாம்பு. பக்கா." பிறகு சிரித்தார். "தாராவில பாம்புத் தோலுக்கு நல்ல கிராக்கியாமே?"

வாப்பாவுக்கு எங்கே வேலை என்று அவருக்குத் தெரியும்; நான் சிரிக்கவில்லை. அவர் அந்த வரிக்கு எதிரே பென்சிலால் 'குறைவு 1' என்று எழுதினார். அடைப்புக்குறிக்குள் 'தோல்?' என்றும் எழுதினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எக்ஸ்ப்ளனேஷன் எழுதிக் குடு. மேடமும் இல்லை, நேரா பிரின்சிபல்கிட்டதான் போகும்."

பெயருக்கு எதிரே குறைவு இருப்பவரை மூன்றாம் ஆண்டுக்குப் புதுப்பிக்க மாட்டார்கள். வேலை போவது ஒன்று. தோல் பட்டறைக்காரர் மகள் பாம்பை எடுத்துக்கொண்டாள் என்று பேர் நிற்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து ஒரு தாளில் எழுதினேன்: ஒன்று, நான் பாம்பை மாற்றவில்லை. இரண்டு, நிறம் மாறியிருக்கிறது. மூன்று, மாறவில்லை என்று அட்டை சொல்கிறது. முதல் இரண்டும் உண்மை என்றால் பிழை மூன்றாவதில். அட்டையை ஆணியிலிருந்து கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உம்மா வழக்கம்போல், "பாம்பத் தொட்ட கையோட அடுப்படிப் பக்கம் வராதளா. சோப்புப் போட்டுக் கழுவு" என்றாள். கழுவிவிட்டு அட்டையை வாப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எங்கன வச்சிருந்த?"

"சன்னல் பக்கத்துல, ஆணில."

"வெயிலு படுமா?"

"காலையில படும்."

"கடுக்காய்ல பதம் போட்ட தோல ரெண்டு வருசம் வெயில்ல தொங்கப் போட்டா கறுக்காம என்ன செய்யும்? சாம்பிள் அட்டையப் பெட்டிய விட்டு வெளிய வைக்கப்படாதுன்னு பட்டறைக்கு நேத்து வந்தவனுக்கும் தெரியுமே!"

"நீங்க சொல்லலியே வாப்பா."

"நீ படிச்சவ. தெரியும்னுல்லா நெனச்சேன்."

நானோ, அவர் கையால் செய்தது மாறாது என்று நினைத்திருந்தேன்.

அவர் தகரப் பெட்டியைத் திறந்தார். பட்டறையில் எந்த அட்டை செய்தாலும் இரண்டாகச் செய்வார்கள். ஒன்று வேலைக்கு, ஒன்று இருட்டுக்கு. கறுப்புத் தாளில் சுற்றியிருந்த என் அட்டையின் ஜோடியை எடுத்து விரித்தார். ஆணியில் தொங்கியதன் நான்காம் எண், பெட்டியில் இருந்ததன் எட்டாம் எண்ணோடு அப்படியே பொருந்தியது.

"ஒன் பாம்பும் கறுத்திருக்கு, எந் தோலும் கறுத்திருக்கு. ரெண்டும் சேந்தே கறுத்தா ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

என் பிழை விளங்கிவிட்டது. ஆனால் அதே பாம்புதான் என்பதற்கு அது சாட்சியாகாது.

மறுநாள் காலையிலேயே போய் நோட்டின் முதல் பக்கத்தை எடுத்தேன். நான் வரைந்த படத்தில், வால் நுனியிலிருந்து மூன்றாவது வளையம் முழுதாக மூடவில்லை. இடப்பக்கம் உடைந்து, கவைபோலப் பிரிந்து, நான்காவது வளையத்தைத் தொட்டது. என் பென்சில் வழுக்கியதோ என்றுகூட ஒருமுறை நினைத்திருக்கிறேன். உறைகளைத் திறந்தேன். பதினொரு சட்டைகள். ஒவ்வொன்றையும் லேசாக ஈரப்படுத்திக் கண்ணாடித் தகட்டில் பரப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். முதல் சட்டையில் பட்டைகள் சாம்பல் நிறத்தில் தெளிவாக இருந்தன. போகப் போக முதுகில் மங்கின. கடைசி மூன்றில் முதுகில் ஒன்றுமே இல்லை, வாலில் மட்டும் மிச்சம். பதினொன்றிலும் மூன்றாம் வளையம் உடைந்திருந்தது. பாம்பை மணலிலிருந்து எடுத்து வாலைப் பார்த்தேன். டீக்கறைபோல மங்கலாக, அதே கவை.

வெள்ளிக்கிழமை தகடுகளை மேசையில் வரிசையாக வைத்துக் கிளார்க்கைக் கூப்பிட்டேன். அவர் கதவருகிலேயே நின்றார்.

"நீ பிடிச்சுக்கோ. நான் இங்கேர்ந்து பாக்கறேன்."

"கிட்ட வாங்க சார், கடிக்காது."

"கடிக்காதுன்னு நீ சொல்றே. நாலு மாறலேன்னும் நீதான் சொன்னே."

"அதுக்குத்தான் நோட்டை நம்ப வேண்டாம், வாலைப் பாருங்கன்னு சொல்றேன் சார்."

வந்தார். படத்தைப் பார்த்தார், தகடுகளைப் பார்த்தார், பேனா மூடியை நீட்டித் தூரத்திலிருந்தே வால் வளையங்களை எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... அரே! ஒடைஞ்சிருக்கு." இன்னொரு முறை எண்ணினார். "சரி. பழைய வரியை அடிச்சுட்டு 'பழுப்புப் பாம்பு ஒண்ணு'ன்னு புதுசா எழுதிடறேன். உனக்கும் தொந்தரவில்லை."

"வேண்டாம் சார். அப்படி எழுதினா பழையது காணாமப் போச்சுன்னு ஆயிடும். அதே வரிலதான் இருக்கணும்."

"நெறம் மாறித்துன்னு எழுத ரிஜிஸ்டர்ல எடமில்லைம்மா."

"குறிப்புன்னு ஒரு கட்டம் காலியா இருக்கே சார்."

பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். ஆங்கிலத்தில், வயதால் நிறம் மாறியது, வால் வளையத்தைப் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரப்பர் எடுத்துக் 'குறைவு 1' என்பதை அழித்தார்.

"அடைப்புக்குறிக்குள்ள இருக்கறதையும் சார்."

"அது சும்மா தமாஷுக்கும்மா."

"தெரியும் சார். ரப்பர் கையிலதானே இருக்கு."

அழித்தார். தாளில் பென்சிலின் தடம் கொஞ்சம் தங்கியது. நான் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு ரிஜிஸ்டரைத் திருப்பிக் கொடுத்தேன். அட்டையை வெயிலில் மாட்டியது என் தவறு என்று விளக்கக் கடிதத்தில் மறைக்காமல் எழுதினேன். ஜூனில் புதுப்பிப்பு ஆணை வந்தது.

அதற்கு முன்பே, மே மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பெட்டி அட்டையைக் கறுப்புத் தாளோடு கொண்டுவந்து பிரித்தேன். நோட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் கோடு போட்டு 'பட்டை' என்று தலைப்பிட்டேன். பழைய எண்களை அடிக்கவில்லை. இருபத்து நான்கு நான்குகளுக்குக் கீழே எட்டு என்று எழுதிவிட்டு, அட்டையைச் சுற்றி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.