மாவுக்கு எத்தனை சுண்டு

குசினிக்குள் அம்மா இருந்தா. அடுப்படியில் மச்சாள், என் அண்ணனின் பெண்சாதி. வாசற்படியில் தங்கச்சி, மறுநாள் அவளுக்குக் கலியாணம். வெளியே அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நடுவில் நான். எல்லாரும் பார்த்தது ஒரு கேக்கை. நடு விழுந்து, பட்டர் கக்கிக்கொண்டு கிடந்தது.

"குளம் நல்லா வெட்டியிருக்கிறியள். இரணைமடுக் குளமே தோத்துது," என்றார் அப்பா. ஒருவரும் சிரிக்கவில்லை.

முல்லைத்தீவுக் கரையில் அந்தக் காலம் வீட்டில் கேக் அடிக்கிறவர்கள் குறைவு. மச்சாள் முன்பு யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துக் குசினியில் வேலைக்கு நின்றவா. மா, சீனி, பட்டர் ஒவ்வொரு இறாத்தல், முட்டை பத்து. அது அவாவுக்குப் பாடம். அங்கே தராசு இருந்தது. நாங்கள் மீனையே கூறு வைத்து விற்ற ஆட்கள். வீட்டில் இருந்தது பால்பேணிதான், கட்டிப்பால் வந்த வெறும் தகரக் குவளை. அதுதான் எங்களுக்குச் சுண்டு. நாலு சுண்டு ஒரு கொத்து.

கணக்குச் சொன்னது அம்மா. கூப்பன் அரிசி ஒரு கொத்து இரண்டு இறாத்தல். ஆகவே இறாத்தலுக்கு இரண்டு சுண்டு. மாவுக்கும் அதுவே. மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிது. மாமியை மறுத்துக் கதைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கள் வீட்டுக் கேக்தான் என்று அம்மா கோயில் முற்றத்தில் சொல்லிவிட்டா. தங்கச்சி அழத் தொடங்கினாள். மிச்சம் இருந்தது ஒரு தகர ரின் பட்டர். அதுவும் பிழைத்தால் வேறு இல்லை.

மச்சாள் அந்த ரின்னைக் கையில் எடுத்தா. உடைக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"தங்கச்சி, இதிலை என்ன போட்டிருக்கு?"

"ஒரு றாத்தல் எண்டு கிடக்கு, மச்சாள்."

"தம்பி, ஒரு நேர்க்கம்பும் கயிறும் கொண்டு ஓடிவாங்கோ!" அவா சத்தம் போட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

கம்பை நடுவில் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டேன். இரண்டு தலைப்பிலும் ஒரே அளவு ஓலைப்பெட்டி. முடிச்சை நகர்த்த நகர்த்த, நேராக நின்றது. ஒரு பெட்டியில் உடைக்காத ரின். மற்றதில் முதல் கேக்குக்கு உடைத்த வெறும் ரின்.

"வெறும் ரின் என்னத்துக்கடி?" என்றா அம்மா.

"தகரத்துக்குத் தகரம், மாமி. பட்டருக்கு மா."

அப்பா வலையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். தலைதட்டிய ஒரு சுண்டு மா வெறும் ரின் இருந்த பெட்டியில் விழுந்தது. கம்பு அசையவில்லை. இன்னொன்று விழுந்தது. பட்டர் பக்கம் கீழேயே கிடந்தது. அம்மாவின் கணக்கு அந்த இடத்தில் முடிந்தது.

"போடுங்கோ, போடுங்கோ!" தங்கச்சி கண்ணைத் துடைக்காமல் துள்ளினாள். பேணியை அம்மாவே பறித்தா. அள்ளி, தலைதட்டி, மெல்ல மெல்லக் கொட்டினா. கம்பு எழும்பியது. ஆடியது. நேராக நின்றது.

"அட, நிண்டுட்டுதடா!" அப்பா கை தட்டினார்.

சீனியையும் நிறுத்தோம். அது இரண்டு சுண்டுதான். "சீனிக்கு நான் சொன்னது சரிதானே," என்றா அம்மா. அப்போதுதான் எல்லாரும் சிரித்தோம்.

மேலும் கீழும் தணல் போட்டு வேகவைத்தோம். கேக் பொங்கி நின்றது. மறுநாள் சம்பந்தியம்மா அளவு கேட்டா. "என்ரை மருமகளைக் கேளுங்கோ. அவாதான் கேக்குக்காரி," என்றா அம்மா. மச்சாள் தலை குனிந்துகொண்டு சிரித்தா.

மச்சாள் இப்போது இல்லை. என் மகள் குசினியில் பற்றரித் தராசு இருக்கிறது. போன நத்தார்ப் பண்டிகைக்கு அவள் ஒரு இறாத்தல் மா நிறுத்து வைத்தாள். அதைப் பால்பேணியால் அளக்கச் சொன்னேன். வாசற்படியில் நின்று எண்ணினேன்.

மூன்று சுண்டு.