ஹஃபீசாவின் அறையும் செயலாளரின் காங்கிரியும்

2019 ஜனவரி 17, வியாழக்கிழமை. ரைனாவாரியிலுள்ள எங்கள் கைவினைஞர் சங்கத்தின் செயலாளர் பீர் மக்பூல், தணல் நிறைந்த காங்கிரி என்னும் கணப்புச் சட்டியோடு உலர்த்தும் அறைக்குள் நுழைந்து, காயாத வார்னிஷைப் பாழாக்கினார். அந்தப் பழியை என் தங்கை ஹஃபீசாவின் மேல் சுமத்தி, அவளை அவ்வறையிலிருந்து விலக்கினார். இதுவே என் குற்றச்சாட்டு. விலக்கல் ஆணையின் நகலும், நான் அனுப்பிய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளும் என்னிடம் உள்ளன.

ஹஃபீசா யாரிடமும் தொழில் கற்கவில்லை. கணவன் விட்டுப்போன பின், நான் வண்ணம் தீட்டிய காகிதக்கூழ்ப் பெட்டிகளில் வார்னிஷ் பூசிப் பூசி, கெடுத்துக் கெடுத்துக் கற்றாள். கெடுத்தவற்றுக்காக நான் போட்ட கூச்சல் தெருவுக்கே தெரியும். அவள் பதிலுக்குப் போட்டது அடுத்த தெருவுக்கும் தெரியும். பிறகு சங்கத்தின் அந்த அறையில் ஓவியர்கள் எல்லோரின் பெட்டிகளுக்கும் அவளே பூசி வந்தாள்.

வாளித் தண்ணீர் உறையும் சில்லை கலான் என்னும் கடுங்குளிர் நாட்களில் வார்னிஷ் தேன்போல் கெட்டியாகிவிடும். டப்பாவை வெந்நீரில் நிறுத்தி இளக்கி, மெல்லிய படலமாக இழுத்துவிட்டு, அறையைச் சாத்திவிடுவாள். சுவருக்கு அப்பால் எரியும் அடுப்பின் மந்தமான சூட்டில்தான் அது காய வேண்டும். உள்ளே வருபவர் ஃபெரன் அங்கியை உதறக் கூடாது. அங்கிக்குள் அணைத்திருக்கும் காங்கிரியை வாசலிலேயே வைத்துவிட வேண்டும். நாங்கள் நடுங்கிக்கொண்டே கட்டுப்பட்டோம்.

செயலாளர் கட்டுப்படவில்லை. தில்லிக் கண்காட்சிக்குப் போகவேண்டிய பெட்டியின் மூடியில் விரலை வைத்தார்.

“இன்னுமா பிசுபிசுன்னு இருக்கு? பூசுறியா, தாலாட்டுறியா?”

“தொட்டுட்டு வேற கேக்குறீங்களா? விரலை எடுங்க சாகிப்! முதல்ல காங்கிரியை வெளிய வைங்க.”

“குளிர்ல நான் செத்தா உனக்குச் சந்தோஷமா?”

“சாகுறதுன்னா வராந்தாவுல போய்ச் சாகுங்க. இங்க தூசி ஆகாது.”

அவர் குந்தி அமர்ந்து, காங்கிரியைத் தட்டில் இருந்த மூடிக்கு நேர் கீழே தள்ளினார். “சூடு பட்டா சீக்கிரம் காயும்மா, இதுகூடத் தெரியாதா?” என்று கரண்டியால் தணலைக் கிளறி ஊதினார். சாம்பல் எழும்பி நான் வரைந்த மீன்கொத்திகளின் மேல் படிந்தது. அந்தச் சாம்பலையும் உள்ளே வாங்கிக்கொண்டு வார்னிஷ் கொப்புளித்தது.

ஹஃபீசா காங்கிரியைத் தூக்கி ஜன்னல் வழியே பனியில் வீசினாள். “போய்ப் பொறுக்கிக்கோங்க!” என்றாள். வீசியதை அவள் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

ஆணையில் ‘தரமற்ற பூச்சு’ என்று மட்டுமே உள்ளது. காங்கிரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ரொட்டிக் கடையில் செயலாளரிடம் நேருக்கு நேர் கேட்டேன்.

“உன் தங்கச்சிக்கு வாய் நீளம், சுபான் காக்கா. கொஞ்ச நாள் வீட்ல கிடக்கட்டும்” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டில் இருப்பது ஒரே சமையலறை. அங்கே பூசியவை தேநீர் ஆவி பட்டு வெளுத்துப்போகின்றன. வெளுத்ததைச் சுரண்டிக்கொண்டே, செயலாளரின் ஏழு தலைமுறையையும் இழுக்கிறாள். மற்ற ஓவியர்கள் பெட்டிகளை வேறிடம் கொண்டுபோகத் தொடங்கிவிட்டார்கள். அந்த அறை இல்லையேல் அவளுக்குத் தொழில் இல்லை.

ஆகவே நிர்வாகக் குழு சொல்லட்டும்: அவள் விலக்கப்பட்டது பூச்சுக்காகவா, வாய்க்காகவா? பூச்சுக்காக எனில், அந்த மூடியை உறுப்பினர்கள் முன் வைத்து, கொப்புளத்துக்குள் சாம்பல் வந்த விதத்தை விளக்குக. வாய்க்காக எனில், அதையே எழுதுக. பனி உருகட்டும், பார்க்கலாம் என்ற வாய்வார்த்தையை ஏற்க மாட்டேன். பதில் எழுத்தில், செயலாளரின் கையொப்பத்தோடு வர வேண்டும்.