டெர்மட் வாதாடாத சீட்டு

டெர்மட் ஹாலரனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் தெருவோரம் குப்புறப் படுத்திருந்தார். மாரடைப்பு என்று பயந்து ஓடினேன். பார்த்தால் கையில் அளவு நாடா. என் காருக்கும் தீயணைப்புக் குழாய்க்கும் இடையே எத்தனை தூரம் என்று அளந்துகொண்டிருந்தார்.

"பதினாறு அடி ரெண்டு இஞ்ச்," என்றார் எழுந்திருக்காமலே. "பதினஞ்சு அடி விட்டிருந்தாப் போதும். உனக்குப் போட்ட ஃபைன் செல்லாது. பேரென்னப்பா?"

"ரமிரோ. நாலாவது மாடி. நேத்துதான் குடிவந்தோம்."

"வந்த மறுநாளே ஃபைனா? அப்ப நீ நியூயார்க்குக்காரன் ஆயிட்ட. கையக் குடு, எழுந்திரிக்கணும்."

அன்று மாலை நகர நிர்வாகத்தைத் தாறுமாறாகத் திட்டி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு நிதானமாகக் கிழித்துப் போட்டார். "கோபத்தை எவனும் படிக்க மாட்டான். அளவை எழுது, தேதியை எழுது, போட்டோவை ஒட்டு. கோபம் வந்தா இங்க வந்து என்கிட்ட கத்து." அப்படியே செய்தேன். அபராதச் சீட்டு ரத்தானது. அதன்பிறகு பதினோரு வருடம் அவரிடம் போய்க் கத்தியிருக்கிறேன்.

அவர் எங்கள் பேட்டையான இன்வுட்டிலேயே பிறந்து, இன்வுட்டிலேயே பேருந்து ஓட்டி, முதுகு போனதும் ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மனைவி யூனா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். அவர்களுடைய இரண்டாம் மாடிச் சமையலறை மேஜைதான் எங்கள் தெருவின் நீதிமன்றம். அபராதச் சீட்டு வரும் ஆரஞ்சு நிற உறையோடு எவராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். அயர்லாந்துக்காரர்களும் எங்கள் டொமினிக்கன் ஆட்களும் தெருவில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத காலத்திலும் அந்த மேஜையில் மட்டும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பச்சை நிறக் காருக்கு நீலம் என்று எழுதிய சீட்டு, மரக்கிளை மறைத்த அறிவிப்புப் பலகை, உடைந்த பார்க்கிங் மீட்டர் என்று எதையும் அவர் விட்டதில்லை. விசாரணைக்குப் போகும்போது டை கட்டிக்கொள்வார். எல்லோருக்கும் அவர் வக்கீலய்யா.

யூனாவுக்கு இதில் கொண்டாட்டம். "இத்தனை பொம்பளைங்க உன்னத் தேடி வர்றாளுங்களேன்னு பொறாமைப்படலாம்னு பாத்தா, எல்லார் கையிலயும் ஃபைன் சீட்டு. என்னத்த நான் பொறாமைப்படுறது டெர்மட்?"

"நீயும் ஒரு சீட்டோட வா. உன்னையும் கவனிக்கிறேன்," என்பார் இவர்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று சீட்டின் பின்னால் ஒரு கட்டம் இருக்குமே, அதில் குறி போடுபவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "பண்ணாத தப்புக்கு ஏன்யா தலையாட்டுற?" என்று சண்டைக்கே போய்விடுவார்.

எங்கள் தெருவில் திங்களும் வியாழனும் ஒரு பக்கம், செவ்வாயும் வெள்ளியும் மறுபக்கம். தெருப் பெருக்கும் வண்டிக்காகக் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை அந்தப் பக்கத்தைக் காலி செய்தாக வேண்டும். கல்யாணமோ கருமாதியோ, முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நாள் குறிப்போம். பண்டிகை நாட்களில் மட்டும் விலக்கு உண்டு. யூதர், முஸ்லிம், கத்தோலிக்கர் என்று எல்லோருடைய பண்டிகையும் இங்கே எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். பக்தி ஒன்றும் காரணம் இல்லை. டெர்மட்டின் குளிர்பெட்டிக் கதவில் அந்த விலக்கு நாட்காட்டி எப்போதும் தொங்கும். சந்தேகம் வந்தால் கீழிருந்தே கூவிக் கேட்போம், அவர் ஜன்னல் வழியே பதில் சொல்வார்.

யூனாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. ஏப்ரலில், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டெர்மட் கட்டிலை விட்டு நகரவில்லை. வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியைக் கேட்டேன். கொடுக்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவ போறப்ப நான் கையப் புடிச்சிக்கிட்டு இருக்கணும் ரமிரோ. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

நான் அப்போது இரவில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணிக்கு வேலை முடிந்து வருவேன். ஒன்பதுக்கு அவர் வண்டியையும் என் வண்டியையும் எடுத்து, பத்தரை வரை காத்திருந்து திரும்ப நிறுத்திவிட்டுத் தூங்கப் போவேன். ஆறு வாரம் தவறவில்லை.

அந்த வியாழன் இயேசு விண்ணேற்றத் திருநாள். விலக்கு நாள். தெருவில் ஒரு வண்டியும் அசையவில்லை. வந்தேன், நேராகப் போய்ப் படுத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. பாதிரியாரிடம் போய் ஈஸ்டர் என்றைக்கு என்று சொல்வோமா? அவருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன். ஆனால் அவர் வீட்டு நாட்காட்டி மார்ச் மாதத்திலேயே நின்றுபோயிருந்தது. மருந்து கொடுக்கும் நேரத்தைத் தவிர அவருக்கு எதுவும் நினைவில் இல்லை. அது அவர்களுடைய சொந்தத் திருநாள், வருடம் தவறாமல் கோயிலுக்குப் போகிற நாள்.

ஒன்பது மணிக்கு யூனா கண் திறந்திருக்கிறார். "இன்னைக்கு வியாழன்தானே? ரமிரோ வந்து வண்டிய எடுத்தானா?"

டெர்மட் ஜன்னல் வழியே பார்த்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. "பாவம், தூங்கிட்டான் போல. கிடக்குது விடு."

"போய் எடுத்துட்டு வா. ஃபைன் போட்டுடுவான்."

"போட்டாப் போடட்டும்."

"போ டெர்மட். அதுக்குள்ள நான் எங்க ஓடிடப்போறேன்?"

கீழே போனால் அதற்குள் சீட்டு ஒட்டியிருந்தது. பண்டிகையை மறந்த எவனோ ஒரு புதிய ஆள் வரிசையாக ஐந்து வண்டிக்கு எழுதித் தள்ளியிருந்தான். டெர்மட் அதைப் படிக்கக்கூட இல்லை. தெரு முழுக்க வண்டிகள் அப்படியே நிற்பதும் அவர் கண்ணில் படவில்லை. யூனா சொல்லிவிட்டாரே என்று வண்டியை எடுத்துக்கொண்டு இடம் தேடி அலைந்து, ஆறு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, அந்த முதுகோடு நடந்து வந்தார். வீடு சேர்ந்தபோது பத்தாகப் பத்து நிமிடம். யூனா போய்விட்டிருந்தார். கை மட்டும் இன்னும் சூடாக இருந்ததாம்.

மற்ற நால்வருக்கும் நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன். நான்கு சீட்டும் ரத்தாயின. டெர்மட்டின் சீட்டுக்கு முப்பது நாள் கெடு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அவருக்கு நாம் செய்யக்கூடியது இது ஒன்றாவது இருக்கிறதே என்று, தேதி, விலக்குப் பட்டியல், போட்டோ எல்லாம் சேர்த்து எழுதி எடுத்துக்கொண்டு போனேன். உள்ளபடி சொன்னால், நான் தூங்கியது தவறில்லை என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிற ஆசையும் எனக்கு இருந்தது.

மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எப்போதும் போல வரிக்கு வரி படித்தார். ஓரிடத்தில் வண்டி எண்ணைத் திருத்தினார்.

"நல்லா எழுதியிருக்க. கண்ண மூடிக்கிட்டு ஜெயிக்கலாம்."

"அப்பக் கையெழுத்துப் போடுங்க. நானே கொண்டுபோய்க் குடுத்துடுறேன்."

"வேண்டாம்."

"அநியாயமாப் போட்ட ஃபைன் வக்கீலய்யா! நீங்களே விட்டா எப்படி?"

"ஜெயிச்சா என்ன எழுதி அனுப்புவான்? அன்னைக்கு வண்டிய எடுக்கவே வேண்டியதில்லன்னு எழுதுவான்." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "போன்னு அவதான் சொன்னா. அவ கடைசியாச் சொன்ன வார்த்தை ரமிரோ. அது வீணுன்னு நான் போய்த் தீர்ப்பு வாங்கிட்டு வரணுமா?"

டெர்மட் பேனாவை எடுத்தார். சீட்டைத் திருப்பி, ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் குறி போட்டார். அபராதத்துக்கான காசோலையோடு சேர்த்து உறையை ஒட்டி, "போறப்ப தபால்ல போட்டுடு," என்றார். போட்டேன். அந்தத் தபால் பெட்டியின் முன்னால் நின்று அழுதேன்.

அடுத்த வாரம் கோயிலில் யூனாவுக்கு ஒரு மாத நினைவுப் பூசை. முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். சீட்டு ரத்தான அந்த நால்வரும் வந்திருந்தார்கள். பக்கத்து ஊரான யங்கர்ஸிலிருந்து வந்த டெர்மட்டின் அக்கா பிரைடி, தேநீர் ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்த ஒரு நாள் கீழ எறங்காம இருந்தா என்னடா? பொண்டாட்டியத் தனியா விட்டுட்டுப் போற அளவுக்கு அப்படி என்னடா வண்டி?"

டெர்மட்டின் முகம் வெளுத்துவிட்டது.

"தப்பு என்மேலதான்," என்றேன். "அன்னைக்கு வண்டிய எடுக்க வேண்டியவன் நான். தூங்கிட்டேன்."

"தூங்கிட்டியா?"

"ஆமா. மறந்து தூங்கிட்டேன்."

அன்று விலக்கு நாள் என்று தெரிந்த அந்த நால்வரும் தலை நிமிராமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெர்மட் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பிரைடி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும்.